முந்துவதற்கு முன்னால்

வண்டியும் வழியும் – 17

சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் நடுத்தடுப்பு கிடையாது. மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் உயர்ந்த கோபுரம் கண்ணில் படும்வரை பனையும் உடைமரமும்தான் கூட வரும். போன ஆடியில் என் சித்தப்பா மகன் புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காரில் அந்த வழியே போனோம். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி முழு வேகத்தில். முன்னால் ஒரு பேருந்து ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. தம்பி வலப்பக்கம் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்தினான். வண்டி மூச்சை அடக்கியதுபோல் ஒரு கணம் தயங்கியது. எங்கள் தலைகள் முன்னால் குலுங்கின. பிறகுதான் இஞ்சின் உறுமி இழுத்தது. அதற்குள் எதிரே வந்த லாரி பெரிதாகிவிட்டது. பிரேக் போட்டுப் பேருந்தின் பின்னாலேயே ஒண்டிக்கொண்டோம். பின் இருக்கையில் சித்தி வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டார்.

"பிக்கப்பே கிடையாது அண்ணே இந்த வண்டியில. மிதிச்சா ஒரு செகண்டு முழிச்சிக்கிட்டு நிக்கு, பொறவுதான் இழுக்கு" என்றான் தம்பி.

இதே குறையைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். இஞ்சினில் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. தம்பியின் இஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை வண்டியைக் கொடுத்தவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவனுடையது ஏஎம்டி. 2014-இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியச் சாலைக்கு வந்து, ஆட்டோமேட்டிக் காரை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு இறக்கிய வகை இது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்ச் தட்டும் அதேதான். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு சிறு இயந்திரக் கை செய்கிறது. கிளட்சை விடுவித்து, கியரை மாற்றி, மறுபடி சேர்க்கும் அந்த இடைவேளையில் இஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போவதில்லை. கையால் மாற்றும்போதும் இந்த இடைவேளை உண்டு. ஆனால் அப்போது மாற்றுகிறவர் நாம் என்பதால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. இங்கே வேறொருவர் மாற்றுவதால் திடுக்கிடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால், பெட்ரோலை மிச்சப்படுத்த கியர்பாக்ஸ் நான்கிலோ ஐந்திலோ போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது சிறிய பெட்ரோல் இஞ்சின் நிமிடத்துக்கு 1600 அல்லது 2000 சுற்றுதான் சுற்றுகிறது. அது தன் முழுச் சக்தியையும் தருவது 6000 சுற்றுக்கு அருகில். நாம் திடீரென்று மிதிக்கும்போது, அது முதலில் கியரைக் கீழே இறக்கி, சுற்றை ஏற்றி, பிறகுதான் இழுக்க வேண்டும். எதிரே லாரி வருவதோ நாம் முந்த நினைப்பதோ அதற்குத் தெரியாது. நம் பாதம் சொல்வது மட்டும்தான் தெரியும். அதையும் தம்பி எதிர்த்தடத்துக்கு ஏறிய பிறகு சொன்னான்.

அந்தத் தயக்கத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேருந்தின் நீளம் 12 மீட்டர், நம் கார் 4 மீட்டர், பின்னால் 20, முந்தியபின் முன்னால் 20 என்று இடைவெளி. ஆக, பேருந்தைவிட 56 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பேருந்து வினாடிக்கு 14 மீட்டர் போகிறது. நாம் சராசரியாக 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர், போனால் முந்தி முடிக்க ஒன்பது வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நாம் சுமார் 190 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே அதே வேகத்தில் வருபவரும் 190 மீட்டர் வந்திருப்பார். கியர்பாக்ஸ் ஒன்றரை வினாடி யோசித்தால் இன்னும் 50 மீட்டர் கரைந்துவிடும். சித்தியின் குரல் வந்தது அந்த ஐம்பது மீட்டருக்குள்தான்.

பரமன்குறிச்சி தாண்டி ஒரு நிழலில் வண்டியை நிறுத்தி அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். பேருந்தின் பின்னால் நம் தடத்தில் இருக்கும்போதே லீவரை மேனுவல் பக்கம் தள்ளி மூன்றாம் கியருக்கு இறக்கிக்கொள். சுற்று 3000-ஐத் தொடும், சத்தம் கூடும், பயப்படாதே. சாலை காலியாகத் தெரிந்தால் வெளியே எடுத்து மிதி, அப்போது தயக்கம் இருக்காது. காலியாக இல்லையா, அப்படியே பின்னால் போ. சாதாரணமாக ஓட்டும்போது கியர் ஏறும் நேரத்தில் காலை ஒரு நூலளவு தளர்த்து. அந்தத் தலைக்குலுக்கல் பெருமளவு அடங்கிவிடும்.

மற்ற வகைகளுக்கு இதே பாடம் அப்படியே பொருந்தாது. சிவிடி வண்டியில் கியர் படிகளே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதை அடிவரை மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். முக்கால் மிதி மிதித்து நிதானமாக ஏற்றினால் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறும். இரட்டை கிளட்ச் வண்டி அடுத்த கியரை ஊகித்துத் தயாராக வைத்திருக்கும். ஊகம் சரியென்றால் மின்னல், தவறினால் அதுவும் தடுமாறும். ஸ்டியரிங் பின்னால் துடுப்பு இருந்தால் முன்பே தட்டிவைப்பது நல்லது. குலசை தசரா நெரிசலில் இந்த வண்டியை அங்குலம் அங்குலமாக ஊர்ந்து ஓட்டாதீர்கள், கிளட்ச் சூடேறும்.

எனக்கு மிகப் பிடித்தது டார்க் கன்வெர்ட்டர் வகை. அதன் கதையும் துறைமுகத்துக்காரர்களான நமக்கு நெருக்கமானது. 1905-இல் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுற்றும். கப்பலின் புரொப்பல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் பல்சக்கரம் இல்லாமல், திரவத்தின் வழியாக இணைத்தார் அவர். அதற்கு அடுத்த ஆண்டுதான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். கடலுக்காகப் பிறந்த அந்தச் சாதனத்தின் வழித்தோன்றல்தான் இன்று நம் கார்களில் இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெயில் சுழல்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இஞ்சினின் திருகுவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். ஏஎம்டியில் உள்ள இடைவேளை இதில் இல்லை. இந்த வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்தும்போது கடைசியில் ஒரு 'டக்' காலில் படும். அதுதான் கிக்டவுன். அந்த இடத்தைத் தாண்டி அழுத்தினால் கியர் ஒன்றோ இரண்டோ கீழே இறங்கும். வருடக்கணக்கில் வண்டி வைத்திருந்தும் அந்த 'டக்'கைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். காலியான சாலையில் ஒருமுறை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

பிக்கப் கூட்டுகிறோம் என்று விற்கப்படுகிற சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. பெடலுக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் சிறு பெட்டி, நாம் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும். இஞ்சினுக்குப் புதிதாக ஒரு குதிரையும் வராது. 100 ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். ஆக்டேன் எண் என்பது எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தம் தாங்குகிற திறன். அதற்கென வடிவமைக்காத இஞ்சினுக்கு அதனால் லாபமில்லை. இணையத்தில் பார்த்துவிட்டு, நியூட்ரலில் உறுமவிட்டு 'டி'க்குத் தட்டுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரே தட்டில் கியர்பாக்ஸ் போய்விடலாம்.

நம் பகுதியில் பிக்கப்பைத் திருடும் கள்வன் வேறு. ஆடிக் காற்றில் தேரிச் செம்மண் கிளம்பினால் ஏர் ஃபில்டர் சிவந்து அடைத்துக்கொள்ளும். கையேட்டில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், காற்றுக் காலம் முடிந்ததும் திறந்து பாருங்கள். டயரில் காற்று குறைந்தாலும் இழுவை குறையும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் கியர் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால், கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். வெயிலும் தூசியும் நிறைந்த நம் ஊர் ஓட்டம் அந்தக் கணக்கில்தான் வரும்.

சாமி கும்பிட்டுத் திரும்பும்போது மறுபடி ஒரு லாரி முன்னால் வந்தது, வாழைத்தார் ஏற்றியது. தம்பி நான் சொல்லாமலே மூன்றாம் கியருக்கு இறக்கினான். இஞ்சின் சத்தம் கூடியது. வலப்பக்கம் எட்டிப் பார்த்தான். தூரத்தில் வளைவு. "தெரியல அண்ணே" என்று சொல்லிவிட்டு லீவரை மறுபடி 'டி'க்குத் தள்ளினான். மெஞ்ஞானபுரம் வரை அந்த வாழைத்தார்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். சித்தி தூங்கிவிட்டிருந்தார்.

(தொடரும்)