கடன் வாங்கிப் படிக்கலாமா? – 6: பேனரில் இல்லாத கணக்கு

கல்விக் கடனின் விதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 4 லட்சம் வரை ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். பெற்றோரும் சேர்ந்தே கையெழுத்துப் போட வேண்டும். கடன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கட்டும் அளவுக்குச் சம்பளம் வருமா?

பி.இ. சேரும் ஒரு மாணவி ஆண்டுக்கு 1.25 லட்சம் வீதம் 5 லட்சம் கடன் வாங்குகிறார். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது; ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதலாம் ஆண்டுப் பணத்துக்கு ஐந்தாண்டு, இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு நான்காண்டு என்று தனிவட்டி மட்டும் 1.75 லட்சம். தவணை தொடங்கும்போது கடன் 6.75 லட்சமாகியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 8,920 ரூபாய் வேண்டும்.

இனி வரவு. பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்களின் அடிப்படை பேக்கேஜ் பத்தாண்டுக்கும் மேலாக மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் இடையிலேயே நிற்கிறது. 3.36 லட்சம் என்றால் மாதம் 28,000 என்று வகுத்துவிடாதீர்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி, காப்பீடு எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் அடக்கம். ஊழியர் பங்கு பி.எஃப்.பும் பிடித்தபின் கைக்கு வருவது ஏறக்குறைய 23,000. அதில் 8,920 போனால் மிச்சம் 14,000. சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஊருக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது.

இது வேலை கிடைத்தவர் கதை. கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கல்லூரி வாசலில் தொங்கும் பேனர் சொல்லாது. அதில் இருப்பது ஒரே ஒரு மாணவர் வாங்கிய உச்ச சம்பளம். உண்மையான எண்கள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை பெற்றவர்களின் மீடியன் சம்பளம் என்ன என்று அட்டவணை தர வேண்டும். மீடியன் என்பது சம்பள வரிசையில் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. முப்பது லட்சம் வாங்கும் ஒருவரால் சராசரி எகிறும்; மீடியன் அசையாது.

உதாரணமாக ஒரு கல்லூரியில் 240 பேர் சேர்ந்து, அரியர் இல்லாமல் 150 பேர் வெளியே வந்து, 90 பேருக்கு வேலை, மீடியன் மூன்றரை லட்சம் என்று கொள்வோம். கல்லூரி 60 சதவீத பிளேஸ்மென்ட் என்று சொல்லும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 37.5 சதவீதம்தான். அந்த 90 பேரிலும் மூன்றரை லட்சமோ அதற்கு மேலோ வாங்குபவர் பாதிப் பேர். ஆக, 240 பேரில் சுமார் 45 பேர். ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் கடன் வாங்கிச் சேர்ந்த எல்லோருக்கும் தவணை ஒன்றுதான்.

அதற்காகப் பொறியியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். 23,000 சம்பளத்தில் அது 5,750 ரூபாய். தாண்டினால் கடன் தொகையைக் குறைக்கும் வழிகளைத் தேடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கவுன்சலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தால், தவணை தொடங்கும் வரையான வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் மாணவிக்கு அது கிடைத்தால் தவணை 6,608 ஆகிவிடும். இவை எதுவும் பொருந்தாதவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவர வேண்டும்; முதலாம் ஆண்டில் அது மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தவணை பெரிதாக இருக்கிறதே என்று பத்தாண்டைப் பதினைந்தாக்குவது. 6.75 லட்சம் கடனில் மாதம் 1,666 ரூபாய் குறையும்; மொத்தத்தில் 2.35 லட்சம் கூடும். கணக்கு இடித்தால் கல்லூரியை மாற்றுங்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவை விடுங்கள், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்று பாருங்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டும் வரை இவை எல்லாமே உங்கள் கையில் இருக்கின்றன.

(அடுத்த வாரம்: தவணை தவறினால் பெற்றோரின் சிபில் ஸ்கோர் என்ன ஆகும்?)