மணிக்கு மாத்திரை, மணி எட்டு!

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை. தேசிங்கு ராஜா. அப்புறம் அவருடைய குதிரை! 1714-ல் போரில் இறந்துபோன ராஜாவைவிட, அவர் அடக்கிய குதிரையைப் பற்றித்தான் எங்கள் பக்கத்தில் கதை அதிகம். அதே சீமையில், வல்லத்தில், நான் ஒரு நாயை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை யாரும் தெருக்கூத்தாகப் போடப் போவதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நாயின் பெயர் மணி. நாட்டு நாய். எடை 12 கிலோ. மூணு வயசு வரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஒருநாள் விடியற்காலை வாசலில் 'தடதட'வென்று சத்தம். திருடன் என்று டார்ச்சை அடித்துப் பார்த்தால்... மணி பக்கவாட்டில் கிடக்கிறான். நாலு காலும் சைக்கிள் மிதிக்கிறது. வாயில் நுரை. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க, இரும்பு ஏதாச்சும் கையில குடுங்க!" என்று என் மனைவி சாவிக்கொத்தோடு ஓடி வந்தாள். கையில் கொடுக்க வேண்டும், சரி. எந்தக் கையில்?

அதற்குள் எதிர்வீட்டு ஆயா தீர்ப்பே எழுதிவிட்டது. "வெறி புடிச்சிருக்குப்பா. கொழந்தைங்க இருக்கற தெரு. அடிச்சுப் போட்டுடு."

ரெண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றது. மணி எழுந்தான், சுவரில் முட்டிக்கொண்டான், என்னையே யாரோ மாதிரி பார்த்து உறுமினான். ஆயா சொன்னது சரிதானோ என்று எனக்கே வயிறு கலங்கியது, பொய் சொல்வானேன்!

கால்நடை டாக்டர்தான் தெளிய வைத்தார். "தடுப்பூசி போட்டிருக்கீங்களா சார்?" அட்டையைக் காட்டினேன். "வெறிநோயிலயும் வலிப்பு வரும். ஆனா அந்த நாய் பழையபடி ஆகாது. நாளுக்கு நாள் மோசமாகி, பத்து நாளுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும். உங்க மணி ஒரு மணி நேரத்துல சோறு கேட்டுதுன்னு சொல்றீங்களே!" தடுப்பூசி போடாத நாயாக இருந்தால் எச்சில் படாமல் தள்ளி நில்லுங்கள் என்றும் சொன்னார். அப்படிப்பட்ட நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாலும் வலிப்பு வருமாம். ரத்தம் பார்த்து, கல்லீரல், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்க, "இது பிறவிக் காக்காய் வலிப்பு" என்றார். ஆறு மாசத்திலிருந்து ஆறு வயசுக்குள் முதல் வலிப்பு வந்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் பெரும்பாலும் இதுதான்.

வலிப்பு வரும்போது என்ன செய்வது? வாய்க்குள் கையை விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரலைத்தான் கடிக்கும். படிக்கட்டு, கிணற்று மேடு பக்கம் உருளாமல் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பாருங்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடியுங்கள், டாக்டருக்கு உதவும். உடம்பு கொதிக்கும், ஃபேனைப் போடுங்கள். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் ரெண்டு முறை வந்தாலோ வண்டியைக் கூப்பிடுங்கள். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். வெங்காயம் உள்ளே போனால் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது ஃபினோபார்பிட்டோன். மணியின் எடைக்கு 30 மில்லிகிராம், காலையும் இரவும் எட்டு மணிக்கு. (உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) செஞ்சியில் மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நாலு வயசுக் குழந்தைக்கா சார்?" என்று உச்சுக்கொட்டினார். "நாலு கால் குழந்தைக்கு" என்றேன்.

இந்த மாத்திரைக்கே ஒரு கதை உண்டு. 1912-ல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மன் டாக்டர், வலிப்பு நோயாளிகள் ராத்திரி தூங்கட்டுமே என்று கொடுத்த தூக்க மருந்து இது. பார்த்தால் தூக்கத்தோடு வலிப்பும் குறைந்திருந்தது! நூறு வருஷம் தாண்டியும் நாய்களுக்கு முதலில் எழுதுகிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

வலிப்பு நின்றது. வேறு வம்பு ஆரம்பித்தது. முதல் ரெண்டு வாரம் மணி குடிகாரன் மாதிரி நடந்தான். பின்னங்கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். அது தானாகச் சரியாயிற்று. ஆனால் பசி? அய்யோ! மாட்டுத்தொட்டிக் கழுநீர், ஆயா வீட்டுத் திண்ணையில் காய்ந்த கருவாடு, என் செருப்பு எதுவும் தப்பவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். குடித்தது எங்கே போகும்? நடுக்கூடத்தில்!

மூணாவது மாசம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். 'வலிப்புதான் வரலையே, இந்த விஷம் எதுக்கு?' என்று, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன்.

மூணாம் நாள் சாயங்காலம் ஒரு வலிப்பு. எழுந்திருப்பதற்குள் இன்னொன்று. ராத்திரிக்குள் நாலு. கடைசி வலிப்பு நிற்கவே இல்லை. ஆட்டோவில் மணியை மடியில் போட்டுக்கொண்டு போகிறேன், என் வேட்டி முழுக்க நனைந்திருக்கிறது, மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் ஊசி போட்டு அடக்கினார். பிறகுதான் திட்டினார். "மூளை இந்த மாத்திரைக்குப் பழகியிருக்கு சார். திடீர்னு பிடுங்கினா இப்படித்தான் திருப்பி அடிக்கும். குறைக்கணும்னா நான் மாசக்கணக்குல குறைப்பேன். பசி தாங்கலன்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

கேட்டிருந்தால் வழி இருந்திருக்கிறது. ஆரம்பித்த ரெண்டு, மூணு வாரத்தில் ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று பார்க்கலாம், அதிகமானால் குறைக்கலாம். கல்லீரல் இந்த மருந்தை நாளாக ஆக வேகமாகக் கரைக்கப் பழகிவிடும், அதனால் அளவு போதாமலும் போகலாம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை. கண் மஞ்சளானாலோ, சாப்பாட்டையே வெறுத்தாலோ உடனே ஓட வேண்டும். (மணி சாப்பாட்டை வெறுப்பதா!) சரிப்படாவிட்டால் பொட்டாசியம் புரோமைடு, லெவெட்டிராசெட்டம் என்று வேறு மருந்துகள் உண்டு. புரோமைடு கொடுத்தால் உப்பு அளவு மாறக் கூடாது. ஆயாவின் கருவாடு அதற்கு எமன்.

இப்போது சோற்றை அளந்து, சுரைக்காயும் பூசணியும் வேகவைத்துக் கலந்து வயிற்றை ரொப்புகிறோம். தண்ணீரைக் குறைப்பதில்லை, ராத்திரி கூடுதலாக ஒருமுறை வெளியே விடுகிறோம். மாத்திரை வாழைப்பழத் துண்டுக்குள் போகும். பழத்தை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் அண்டாவுக்குப் பின்னால் துப்புகிற வித்தையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் மனைவி மணியின் கணக்கையும் எழுதுகிறாள். இந்த மாசம் ஒரே ஒரு தடவை. ஒன்றரை நிமிஷம். ஆயாதான் முதலில் பார்த்து, கருவாட்டுக் கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டது.