'கான்'னு ஒரு ஃபோல்டர் போட முடியுமா?

விண்டோஸ்ல சி, ஓ, என் மூணெழுத்துல 'கான்'னு ஒரு ஃபோல்டர் போட்டுப் பாருங்க. விடாது. இதுக்கு ஆயிரம் பேய்க்கதை சொல்வாங்க. விஷயம் இதுதான்: 1981-ல வந்த டாஸ் முதல் வெர்ஷன்ல ஃபோல்டரே கிடையாது. 'கான்'னா கீபோர்டும் ஸ்கிரீனும், 'பிஆர்என்'னா பிரிண்டர். ஃபைல்ல எழுதுற மாதிரி அந்தப் பேருக்கு எழுதினா பிரிண்ட் ஆகும்.

1983-ல டாஸ் 2.0 ஃபோல்டரைக் கொண்டுவந்தது. யூனிக்ஸ் மாதிரி டிவைஸுக்குன்னு தனி ஃபோல்டர் மட்டும் வெச்சிருந்தா சுத்தமான டிசைன். ஆனா ஃபோல்டர்னா என்னன்னே தெரியாத பழைய புரோகிராம், எங்கிருந்து 'பிஆர்என்'னு கூப்பிட்டாலும் பிரிண்டர் கிடைக்கணுமே? அதனால அந்தப் பேருங்க எல்லா ஃபோல்டர்லயும் இருக்குற மாதிரி ஆக்கிட்டாங்க.

பார்க்க அசிங்கம்தான். ஆனா அப்டேட் பண்ணதும் பில் அடிக்கலைன்னா எந்தக் கடைக்காரர் அதை வாங்குவார்? நானும் அசிங்கத்துக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். லினக்ஸ்ல ஒருத்தர் அந்தப் பேர்ல ஃபைல் வெச்ச புராஜெக்டை விண்டோஸ்ல கிட்ல இறக்கினா, இன்னிக்கும் எர்ரர்.