செல்ஃப் மோட்டார் ஏன் திரும்பத் திரும்ப எரிகிறது?

என் மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு லாரி. 1999 மாடல், ஆறு சக்கரம். போன தீபாவளியிலிருந்து இந்த ஆவணிக்குள் அதில் மூன்று தடவை செல்ஃப் போய்விட்டது. முதல் தடவை ஆர்மேச்சர் எரிந்தது, இரண்டாவது தடவை சோலனாய்டு உள்ளே ஒட்டிக்கொண்டது, மூன்றாவது தடவை மறுபடியும் ஆர்மேச்சர். மூன்றாவது போனது வாளையாறுக்குக் கொஞ்சம் முன்னால், ராத்திரி, வண்டி நிறைய மாட்டுத் தீவனம். லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பியதில் அந்த நடை வாடகை முழுக்கப் போச்சு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. "இருவது வருசமா அவருகிட்டதான் வேலை குடுக்கறேன். இப்ப மட்டமான காப்பர் போட்டுக் கட்டிக் குடுத்து ஏமாத்தறாரு மாப்ள" என்றார் மாமா. எலக்ட்ரீஷியனைச் சொல்கிறார். டிரைவர் அண்ணன் மேலும் கோபம், சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாராம். இரண்டு பேரையும் மாற்றிவிடும் முடிவில் இருந்தார்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாவது தடவை போனபோது "பேட்டரி வீக்கா இருக்கும் மாமா" என்று ஃபோனிலேயே தீர்ப்புச் சொன்னவன் நான். இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஜோடி பேட்டரி புதிதாக வாங்கினார். பலன் ஒன்றும் இல்லை.

இந்த முறை நேரில் போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னென்ன வேலை எப்போது நடந்தது என்று டிரைவர் அண்ணனைச் சொல்லச் சொல்லி வரிசையாக எழுதிக்கொண்டேன். பழைய செல்ஃப் கார்பன் மாற்றியதைத் தவிர பல வருடம் தொந்தரவே கொடுக்கவில்லை. போன ஐப்பசியில் எஃப்.சி.க்காகச் சேஸுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தக் கையோடு கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் வேலை. மூன்று வாரத்தில் முதல் ஆர்மேச்சர். நடுவில் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "ஸ்டாப் கேபிளும் ரெண்டு வாட்டி மாத்தியாச்சுங்க. மேல இருக்கற பிளாஸ்டிக் உருகிப் போயிருது."

எஞ்சினை நிறுத்த டேஷ்போர்டில் இழுக்கிற கம்பிதான் ஸ்டாப் கேபிள். அதில் கரண்டே கிடையாது. அது ஏன் உருக வேண்டும்?

இங்கே கொஞ்சம் அடிப்படை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து செல்ஃபுக்குத் தடித்த கேபிள் போகிறது, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கரண்ட் திரும்பி வரும் பாதை தெரியாது. செல்ஃபின் உடம்பு, எஞ்சின் பிளாக், அங்கிருந்து சேஸ், சேஸிலிருந்து பேட்டரி மைனஸ். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல், ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. எஞ்சினையும் சேஸையும் சேர்ப்பது பின்னல் போட்ட ஒரு எர்த் பட்டை மட்டும்தான். அது சரியில்லை என்றால் கரண்ட் வேறு வழி தேடும்: ஸ்டாப் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், எஞ்சினையும் கேபினையும் தொடுகிற எந்த உலோகமும். மெல்லிய கம்பி அவ்வளவு கரண்டைத் தாங்காமல் சூடாகும்.

அளந்து பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்த்து 25.3 வோல்ட், நல்ல நிலை. மூன்றாவது முறை கட்டிய செல்ஃப் மாட்டியிருந்தது. எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க ஸ்டாப்பை இழுத்து வைத்துவிட்டு, ஐந்து ஐந்து விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அப்போது பேட்டரி முனைகளில் 21.6. செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது 17.4. நடுவில் 4.2 வோல்ட் காணோம்.

எங்கே காணோம் என்பதற்குத்தான் வோல்டேஜ் டிராப் சோதனை. மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று மோட்டாருக்குள் போகும் போல்ட்டில்: 0.7 வோல்ட். பேட்டரி மைனஸிலிருந்து செல்ஃபின் உடம்புக்கு: 3.5 வோல்ட். 24 வோல்ட் வண்டியில் ஒரு பக்கத்துக்கு 1 வோல்ட்டைத் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன். மைனஸ் பக்கத்தை மறுபடி இரண்டாகப் பிரித்தேன். பேட்டரியிலிருந்து சேஸ் வரை 0.2. சேஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 3.3. அவ்வளவுதான், இடம் தெரிந்துவிட்டது.

இதை ஏன் இத்தனை நாள் யாரும் பிடிக்கவில்லை? டெஸ்ட் பல்பு போட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரியும், பல்புக்குப் பட்டையில் நாலு இழை மிச்சம் இருந்தாலே போதும். ஓம் வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டும், ஏனென்றால் இங்கே சிக்கலே 0.01 ஓம் அளவுதான். சாதாரண மீட்டருக்கு அது தெரியாது. ஆனால் 300 ஆம்பியர் போகும்போது அதே 0.01 ஓம் 3 வோல்ட்டைச் சாப்பிடும், 900 வாட் சூடாக. கிட்டத்தட்ட ஒரு இஸ்திரிப் பெட்டி. லோடு கொடுத்து அளந்தால்தான் வெளியே வரும்.

எலக்ட்ரீஷியன் மேலும் தப்பில்லை. அவர் கடையில் பேட்டரியிலிருந்து நேராகக் கேபிள் போட்டுச் சுற்றிப் பார்க்கிறார். அங்கே எர்த் பட்டையே இல்லையே, செல்ஃப் ஜம்மென்று சுற்றும்.

"வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும், அதனால் காயில் எரியும்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. எஞ்சினைத் திருப்பத் தேவையான முறுக்கு விசை பெரிதாக மாறுவதில்லை, அதனால் கரண்டும் ஏறக்குறைய அதேதான். குறைவது வேகம். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது, காற்றை வேகமாக அழுத்தி வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது, மூன்று விநாடியில் பிடிக்க வேண்டிய எஞ்சின் இருபது விநாடி ஆனாலும் பிடிக்காது. செல்ஃபோ சில விநாடி வேலைக்கென்றே செய்த மோட்டார். அத்தனை நேரம் சுற்றினால் ஆர்மேச்சர் வேகாமல் என்ன செய்யும்? டிரைவர் அண்ணன் சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தது உண்மைதான், வேறு வழி இல்லாமல்.

சோலனாய்டு ஒட்டிக்கொண்டதற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். உள்ளே பிடித்து வைக்கும் காயிலுக்கும் எர்த் அதே உடம்பு வழியாகத்தான். வோல்டேஜ் சரிந்தால் பிடி விடும், மறுபடி பிடிக்கும், டக டக டக என்று சத்தம் வரும். ஒவ்வொரு டக்குக்கும் உள்ளே தீப்பொறி, கடைசியில் காண்டாக்ட் உருகி ஒட்டும்.

உறுதி செய்ய ஒரு ஜம்பர் கேபிளை எடுத்துப் பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு நேராகக் கவ்வினோம். ஸ்டாப்பைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் உடனே பிடித்தது. டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "இந்தச் சத்தத்தக் கேட்டு ஒரு வருசம் ஆச்சுங்க" என்றார்.

பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டை மாட்டித்தான் இருந்தது. கிளட்ச் வேலை முடிந்து புதுப் பெயிண்ட் மேலேயே முறுக்கிவிட்டிருக்கிறார்கள். போதாததற்குப் பின்னலில் பாதி பச்சைப் பூத்து உதிர்ந்து கிடந்தது.

மாமா தானே போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் என்ன பேசினார்களோ தெரியாது, இறங்கும்போது மாமா முகத்தில் ஈயாடவில்லை. அவர் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்து, புதுப் பட்டை ஒன்றுக்கு இரண்டாக மாட்டி, மேலே கிரீஸ் தடவினார். எர்த் பக்கம் 3.5 இருந்த இடத்தில் 0.4. மீட்டரை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றவர், "வண்டியிலயே வெச்சு அளந்திருக்கோணும். மூணு தடவ கடையில வெச்சே பாத்துட்டேன்" என்றார். கூலி வாங்கவில்லை. பட்டைக்கு மட்டும் காசு.

ஒரு பாக்கி இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் நிற்கும், அதனால் பிளைவீல் ரிங் பல்லும் அந்த மூன்று இடத்தில்தான் தேயும். இந்த ஒரு வருடப் போராட்டத்தில் அங்கே பல் முனை சிதைந்திருக்கிறது, சில நாள் காலையில் "கிர்ர்" என்கிறது. அடுத்து கியர்பாக்ஸ் இறங்கும்போது ரிங்கைக் கழற்றி வேறு இடத்துக்குத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறேன். பட்டையைத் திரும்ப மாட்டும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்.