குவார்க்–குளுவான் பிளாஸ்மாவில் கனமான குவார்க்குகளின் இயக்கம்

தங்கம், காரீயம் போன்றவற்றின் அணுக்கருக்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி மோதும்போது, புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, குவார்க்–குளுவான் பிளாஸ்மா என்னும் பாய்மம் தோன்றுகிறது. ஒளி சுமார் 10 ஃபெம்டோமீட்டர் தொலைவைக் கடக்கும் நேரமே அது நிலைக்கிறது. வெளியிலிருந்து எந்தக் கருவியையும் அதனுள் செலுத்த இயலாது. ஆகவே, அதனூடே கடந்து வந்த துகள்களே அதன் தன்மைக்குச் சான்று.

அத்தகைய சான்றுகளுள் சார்ம், பாட்டம் குவார்க்குகள் முதன்மையானவை. அவற்றின் நிறை முறையே ஏறத்தாழ 1.3, 4.2 கிகா எலக்ட்ரான் வோல்ட். பிளாஸ்மாவின் வெப்பநிலையோ, அதே அலகில், ஒன்றுக்கும் வெகு குறைவு. எனவே வெப்பத்தால் அவை புதிதாகத் தோன்றுவது மிக அரிது. மோதலின் முதற்கணத்திலேயே பிறந்து, பிளாஸ்மாவின் வரலாறு முழுவதையும் அவை கடக்கின்றன.

மெதுவாகச் செல்லும் கனமான குவார்க்கை இலேசான துகள்கள் இடைவிடாது மோதுகின்றன. ஒரு மோதல் அதன் திசையைச் சிறிதே மாற்றும்; பல மோதல்கள் சேர்ந்தே அதைப் பாய்மத்தின் ஓட்டத்தோடு இணைக்கும். 1988இல் ஸ்வெடிட்ஸ்கி இதனைப் பிரௌனியன் இயக்கமாகக் கணக்கிட்டார். இம்முறையில் விரவல் கெழு என்னும் ஒரே அளவு பிணைப்பின் வலிமையைச் சுட்டும். அது சிறியதெனில் பிணைப்பு வலியது. விரைந்து செல்லும் குவார்க்கு குளுவான்களை உமிழ்ந்தும் ஆற்றலை இழக்கும். ஆனால் நிறை மிகுந்தால், செல்திசையை ஒட்டிய கூம்பினுள் உமிழ்வு ஒடுங்கும். இக்காரணத்தால் கனமான குவார்க்குகள் குறைவாகவே ஆற்றலை இழக்கும் எனக் கருதப்பட்டது.

2007இல் வெளியான பீனிக்ஸ் ஆய்வு முடிவுகள் இக்கருத்தை அசைத்தன. தங்க அணுக்கரு மோதல்களில், கனமான குவார்க்குகளின் சிதைவில் பிறந்த எலக்ட்ரான்கள் பெரிதும் குறைந்திருந்தன. நீள்வட்டப் பாய்விலும் பங்கேற்றன. எனினும் அந்த எலக்ட்ரான்கள் சார்மிலிருந்து வந்தனவா, பாட்டத்திலிருந்து வந்தனவா எனப் பிரித்தறிய அன்று வழியில்லை. சிதைவு நிகழும் இடத்தை மைக்ரோமீட்டர் நுட்பத்தில் காணும் சிலிக்கான் உணரிகள் பின்னர் அதற்கு வழிசெய்தன.

ஆலிஸ் ஆய்வுக்குழுவின் டி மெசான் அளவீடுகளிலிருந்து, சார்ம் குவார்க்கு பாய்மத்தோடு இசைவதற்கு ஆகும் நேரம் 3 முதல் 9 வரையிலான ஃபெம்டோமீட்டர் தொலைவை ஒளி கடக்கும் நேரம் என மதிப்பிடப்படுகிறது. இது பிளாஸ்மாவின் ஆயுளுக்கு உட்பட்டது. இந்நேரம் நிறைக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், பாட்டத்திற்கு அது ஏறக்குறைய மும்மடங்காகும். அது இசைவதற்குள் பிளாஸ்மா மறைந்துவிடும். பாட்டத்திலிருந்து பிறக்கும் டி மெசான்களின் நீள்வட்டப் பாய்வு குறைவாகவே அளக்கப்பட்டிருப்பது இதற்கு ஒத்துள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. டி மெசானில் இலேசான குவார்க்கும் உள்ளது. பிளாஸ்மா குளிரும் வேளையில் இணையும் அது, தன் ஓட்டத்தையும் உடன் கொணர்கிறது. அதன் பங்கைக் கழிப்பது மாதிரிக்கு மாதிரி மாறுபடும். மேலும், சார்மின் நிறையோடு ஒப்பிட்டால் ஒற்றை மோதலின் உந்தம் அத்துணைச் சிறியதன்று. பிரௌனியன் சித்திரம் ஐயமின்றிப் பொருந்துவது பாட்டத்திற்கே. அதன் தரவுகளோ சார்மினும் மிகக் குறைவு.