தேய்ந்த பெல்ட்டும் தேர்ந்த விரலும்

என் தந்தையார் பள்ளி வாசலை மிதித்தறியாதவர். வாடகைக்குப் பழைய அம்பாசிடர் ஓட்டுபவர். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறும் எனக்குக் கல்லூரியும் தந்தது.

ஒருநாள் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்ற ஓசை எழுந்தது. சார்ஜ் விளக்கும் அணையவில்லை. விசிறி, தண்ணீர்ப் பம்பு, டைனமோ மூன்றையும் சுழற்றுவது ஒரே ஃபேன் பெல்ட். அது நழுவினால் பாட்டரி ஏறாது, எஞ்சின் கொதிக்கும்.

எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே அப்பா பெருவிரலால் அழுத்தினார். சுமார் அரை அங்குலம் தாழவேண்டியது ஓர் அங்குலம் தாழ்ந்தது. டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை வெளிப்புறமாக நெம்பிப் பிடித்து மீண்டும் முடுக்கினோம்.

"இன்னும் இறுக்கலாமே, அப்பா?"

"வேண்டாம்பா, பேரிங் போயிடும்."

மறுநாளும் அதே கீச்சொலி! ஆப்பு வடிவான பெல்ட்டைப் பற்றுவது பள்ளத்தின் பக்கச் சுவர்களே என்று வகுப்பில் படித்திருந்தேன். பார்த்தேன்: பெல்ட்டின் பக்கங்கள் தேய்ந்து பளபளத்தன, அது பள்ளத்தின் அடியைத் தொட்டது. இனி இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

"எனக்கும் தெரியும்" என்று சிரித்தார் அப்பா. பெல்ட்டுக்கு வைத்திருந்த பணம் என் தேர்வுக் கட்டணமாகிவிட்டதைப் பின்னர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

நண்பர்களே, உராய்வுக்குச் சூத்திரம் உண்டு. அந்தப் பெருவிரலுக்கு ஏது சூத்திரம்?