ஸ்க்ரீன் மூலையில் வந்த புள்ளிகள்

ஃபோன்ல 8 ஜிபி ரேம் இருந்தும் பத்தலைன்னு புலம்புறோம். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் ரேம் மொத்தமே 2048 பைட்தான். அதுக்குள்ள யார் எங்கே உட்காருறாங்கன்னு தெரியாமல் நான் முழிச்ச கதை இது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். மண்ணின் ஈரத்தை அளந்து ஒரு சின்ன ஓஎல்இடி ஸ்க்ரீனில் காட்டணும், அவ்வளவுதான். ரிவியூவுக்கு ரெண்டு நாள் இருக்கு. திடீர்னு ஸ்க்ரீனோட கீழ் வலது மூலையில் சம்பந்தமே இல்லாமல் புள்ளிகள். சில நேரம் ப்ரோக்ராமே முதலில் இருந்து ஓடும். "லூஸ் கனெக்‌ஷன்டா"ன்னு டீம்ல எல்லாரும் சத்தியம் பண்ணினாங்க. ஒயர், சென்சார், ஸ்க்ரீன் எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு. மெமரியை யாருமே சந்தேகப்படலை. ஏன்னா, குளோபல் வேரியபிள்கள் 820 பைட், அதாவது 40 சதவீதம்தான்னு கம்பைல் பண்ணும்போதே காட்டுச்சு.

இந்த சிப்பின் டேட்டா மெமரி ஒரு நீளமான தெரு மாதிரி. முகவரி 0 முதல் 31 வரை கணக்குப் போடும் ரெஜிஸ்டர்கள். 32 முதல் 255 வரை பின், டைமர், சீரியல் போர்ட் எல்லாத்தையும் ஆட்டி வைக்கும் ரெஜிஸ்டர்கள். (எல்இடி எரிய வைக்கிறதும் கடைசியில் ஒரு முகவரியில் எழுதுறதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.) 256 முதல் 2303 வரைதான் நம்ம 2048 பைட் ரேம்.

இந்த ரேமின் அடியில் குளோபல் வேரியபிள்கள். அதுக்கு மேலே ஹீப். ஓடும்போது கேட்டு வாங்குற இடம், மேல்நோக்கி வளரும். ஸ்டாக் 2303-ல் ஆரம்பிச்சு கீழ்நோக்கி இறங்கும். ஒவ்வொரு ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிளும், முடிஞ்சதும் எங்கே திரும்பணும்ங்கிற முகவரியும் அதில்தான் இருக்கு. ரெண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது. லேப்டாப்பில் எல்லை தாண்டினால் ஆபரேட்டிங் சிஸ்டம் ப்ரோக்ராமை நிறுத்திடும். இங்கே கேட்க ஆளே இல்லை.

எங்க ஸ்க்ரீன் 128-க்கு 64. புள்ளிக்கு ஒரு பிட்னா 1024 பைட். டிஸ்ப்ளே லைப்ரரி அதை ஹீப்பில் இருந்து, ப்ரோக்ராம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் வாங்குது. அதனால அந்த 40 சதவீதக் கணக்கில் அது வரவே வராது! 2048-ல் 820 போச்சு, 1024 போச்சு. ஸ்டாக்குக்கு மிச்சம் சுமார் 200 பைட். நானோ ஒரு ஃபங்ஷனுக்குள்ள 150 எழுத்துக்கு அரே வச்சு, அதிலிருந்து ஸ்பிரிண்ட்எஃப் வேற கூப்பிட்டிருந்தேன்.

ஸ்டாக் இறங்கி வந்து பஃபரின் கடைசி பைட்டுகள் மேல எழுதிடுச்சு. கடைசி பைட்டுகள்னா ஸ்க்ரீனின் கீழ் வலது மூலை. அந்தப் புள்ளிகள் எல்லாம் என் லோக்கல் வேரியபிள்கள்தான்! அதே இடத்தில் லைப்ரரி படம் வரையும்போது திரும்பிப் போக வேண்டிய முகவரி அழிஞ்சு, ப்ரோக்ராம் எங்கேயோ குதிக்கும். அந்த முகவரி பூஜ்யமாகிட்டால் முதலில் இருந்து ஓடும்.

அரேயை 32 ஆக்கினேன். இன்னொரு வில்லன், கோடில் நாம மேற்கோளில் எழுதுற வாசகங்கள். அவை 32 கேபி ஃப்ளாஷில் இருந்தாலும், ஸ்டார்ட் ஆகும்போதே ரேமுக்குக் காப்பி ஆகிடும். ஒவ்வொண்ணையும் 'எஃப்' மேக்ரோவுக்குள்ள போட்டு ஃப்ளாஷிலேயே இருக்க வச்சதில், 820 என்பது 510 ஆச்சு.

ரிவியூ அன்னைக்கு மூலையில் ஒரு புள்ளி கூட இல்லை. மாத்தின ஸ்க்ரீனுக்கான காசு மட்டும் போனது போனதுதான்.